வாடகை இடத்தில் வாழும் தமிழ்

அத்திப்பட்டில் மின்சாரம் நம் வாயிலிலேயே பிறக்கிறது. வட சென்னை அனல்மின் நிலையம் இங்கேதான் உள்ளது. ஆயினும், பழவேற்காட்டு மீனவர் வழங்கும் சொற்களைத் தொகுத்து நாம் நடத்திவரும் இணையப் பக்கம் எத்தனை முறை இருண்டுபோயிற்று! படிப்போர் பெருகப் பெருக, குறைந்த வாடகைக்கு இடந்தந்த நிறுவனம் பக்கத்தை முடக்கிற்று. பல தளங்கள் ஒரே சேவையகத்தைப் பகிரும் ஏற்பாடு அது. ஒரு சகனைச் சுற்றி நால்வர் அமரலாம். நாற்பதின்மர் அமர இயலுமா? காரணங்கேட்டு எழுதிய மடல்களுக்கு மறுமொழி வருவதற்குள் வாரங்கள் கழிந்தன. சொல் தந்த முதியோருள் இருவர் இன்று நம்மிடையே இல்லை என்பதுதான் நம் கவலை.

2009 அக்டோபரில் யாகூ நிறுவனம் ஜியோசிட்டீஸை மூடியபோது, அங்கே இலவசமாகக் குடியிருந்த பக்கங்களுள் ஒரு பகுதியையே ஆர்வலர் மீட்டனர். 1998 பொங்கலன்று தோன்றிய மதுரைத் திட்டமோ, முகப்புப் பக்கத்தை மாற்றாமல் எவரும் தன் மின்னூல்களைப் படியெடுத்துப் பரப்பலாம் என இசைவளித்தது. அதிலுள்ள சீறாப்புராணம் இன்று எத்தனை கணினிகளில் உறைகிறதோ, யாரறிவார்! ஓலைச்சுவடிகள் பிழைத்ததும் செல்லரிக்குமுன் படியெடுத்தோரால் அன்றோ?

நாமும் இவ்வாண்டு மூன்று படிகள் எடுத்துள்ளோம். ஒன்று வேறொரு நிறுவனத்தின் சேவையகத்தில். மற்றொன்று துறையின் வன்தட்டில். மூன்றாவது, அச்சிட்டுத் தைத்த படி, பழவேற்காட்டு மாணவர் ஒருவரின் இல்லத்தில். அவருடைய பாட்டனார் அதில் பதினொரு சொற்களைத் திருத்தியனுப்பியுள்ளார்.