கராச்சில் பிறந்த விஞ்ஞானம்

பழைய காரின் வேகத்தைக் கூட்டப் புதிய உறுப்புகளை ஆக்கி மகிழ்வோர் மேல்நாடுகளில் உண்டு. நம் வடபுலத்திலோ அவ்வித்தையை இல்லாமையே கற்பித்தது. 1990இல் பெற்றோலுக்குத் தடை விழவே, யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தனர் நம் தொழிலாளர். மண்ணெண்ணெய் குளிரில் எளிதில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலால் இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அமுக்க விகிதம் குறைந்த பழைய இயந்திரம் அதைத் தாங்கிக்கொண்டது. நோயாளரை வைத்தியசாலை சேர்த்தவை அக்கார்களே.

மன்னாரில் என் மாணவர் சிலர் கராச் வேலையை இழிவென எண்ணுகின்றனர். அவர்களுக்கு இக்கதையைச் சொல்கிறேன். பட்டம் பெறாத அக்கைகளின் அறிவு ஏடேறவில்லை. அதை அறிந்த முதியவர்கள் இருக்கும்போதே கேட்டெழுதுவது படித்த நம் கடமை.