தொட்டுக்கொண்டு நில்

காலை ஆறரை மணிக்கு அந்தக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது முந்தின நாள் சாம்பார் வாசனை. அடுத்தது பினாயில். அப்புறம், வாசலில் கட்டிய வாழைமரம் வெயிலில் வாடுகிற பச்சை வாசனை. 1998 மே மாதம், அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. எனக்குப் பதினோரு வயது. அம்பத்தூர் ஓ.டி.க்குப் பக்கத்தில் இருந்த அந்த மண்டபத்தில்தான் பாலேயை முதன்முதலாகப் பார்த்தேன்.

எங்கள் வீடு திருமுல்லைவாயலில். மின்சார ரயிலில் ஒரே ஸ்டேஷன். இருபத்தொரு நாள் கோடை நடனப் பயிற்சி, பாலே, ஜாஸ், மாடர்ன் என்று மளிகைக் கடைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை நான்தான் கிழியாமல் உரித்துக்கொண்டு வந்து அம்மாவிடம் காட்டினேன். இரண்டு வருடமாகப் பரதநாட்டியம் போய்க்கொண்டிருந்தேன். தட்டடவும் நாட்டடவும் முடித்திருந்தேன். "அந்த ஆட்டத்தையே ஒழுங்கா முடி" என்றாள் அம்மா. அப்பா நோட்டீஸை வாங்கி முன்பக்கம் பின்பக்கம் பார்த்துவிட்டு, "காலைல ஆறரைன்னா நான் ஷிஃப்டுக்குப் போறப்போ கொண்டுபோய் விட்டுடறேன்" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் டர்னர். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருமே ஏதாவது ஓர் இரும்பின் பிள்ளைகள்தான். ஆவடியில் டாங்கி செய்கிற ஹெவி வெஹிகிள்ஸ் ஃபேக்டரி, பாடியில் லூகாஸும் வீல்ஸ் இந்தியாவும், அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள். இவற்றைச் சுற்றி, ஒரு லேத்தும் ஒரு டிரில்லிங் மிஷினும் வைத்துக்கொண்டு பிழைக்கிற நூற்றுக்கணக்கான பட்டறைகள். அப்பாவின் சட்டைகளில் கூலன்ட் வாசனை துவைத்தும் போகாது.

முதல் நாள் நாங்கள் முப்பது பேர் இருந்தோம். பூந்தமல்லியிலிருந்து பஸ் மாறி வந்த அக்கா தங்கை, ஆவடி குவார்ட்டர்ஸ் பெண்கள் நாலு பேர், 'மின்சார கனவு' பார்த்துவிட்டு பிரபுதேவா ஆக வேண்டும் என்று வந்த மூன்று பையன்கள். மிஸ்ஸுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கோடம்பாக்கத்தில் குரூப் டான்ஸராக இருந்தவர். அதற்கு முன் பம்பாயில் ஒரு வெளிநாட்டு அம்மாளிடம் பாலே படித்தவர். எலும்பும் நரம்புமாக ஒல்லி. நிற்கும்போது யாரோ உச்சந்தலையில் நூல் கட்டி மேலே இழுக்கிற மாதிரி நிற்பார்.

பாலே ஷூ யாரிடமும் இல்லை. ஸ்கூலுக்குப் போடுகிற வெள்ளை சாக்ஸ்தான். மொசைக் தரையில் அது வழுக்கும். கதவோரம் ஓர் ஈரச் சாக்கைப் போட்டு, அதில் மிதித்துவிட்டு வரச் சொல்வார் மிஸ். இன்றைக்கும் ஈரச் சாக்கை மிதித்தால் உள்ளங்காலில் அந்த மண்டபம் வந்துவிடும்.

பாலே கற்பவர்கள் பிடித்துக்கொண்டு நிற்க இடுப்புக்கு மேலாக ஒரு கம்பி வேண்டும். அதை 'பார்' என்பார்கள். மண்டபத்தில் ஏது கம்பி? பந்தி நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு அவற்றின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இரண்டாம் நாள், பூந்தமல்லித் தங்கை காலைப் பின்னால் தூக்கும்போது நாற்காலி மடிந்து அவளும் விழுந்தாள். முட்டி சிராய்த்துவிட்டது. மிஸ் அவளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, "ரெண்டு பைப் இருந்தா போதும்" என்று தனக்குத்தானே சொன்னார். "எங்கப்பா பண்ணித் தருவாரு மிஸ்" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் பயம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார், கையில் இன்ச் டேப்போடு. எங்களை உயரவாரியாக நிற்க வைத்தார். "கையை எங்க வெப்பாங்க டீச்சர்?" என்று கேட்டார். முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும், தோள் ஏறக் கூடாது என்று மிஸ் நின்று காட்டினார். அப்பா ஒவ்வொருவராக அளந்து சிகரெட் அட்டையின் பின்னால் குறித்தார். உயரம் சின்னவர்களுக்கு 32 இன்ச், பெரியவர்களுக்கு 42 என்று முடிவாயிற்று. புதன்கிழமை ஒரு மீன்பாடி வண்டியில் பைப்புகள் வந்து இறங்கின. ஒன்றரை இன்ச் பைப், சாயாமல் இருக்க அடியில் கனமான பிளேட், மாடிக்குத் தூக்கிக்கொண்டு போக வசதியாகக் கழற்றி மாட்டுகிற கால்கள். பெயின்ட் அடிக்கவில்லை. "கையில ஒட்டும்" என்றார். அதற்குப் பதிலாக எமரி ஷீட் போட்டு, ஒரு பிசிறு இல்லாமல், பைப் முழுவதையும் தேய்த்திருந்தார். இரண்டு ராத்திரி தேய்த்ததை நான் பார்த்தேன். ஃபீஸ் வேண்டாம் என்று மிஸ் சொன்னார். அப்பா கேட்கவில்லை. அதையும் கட்டினார்.

அந்தப் பைப்பைப் பிடித்த முதல் நாளே எனக்குத் திட்டு விழுந்தது. ஒற்றைக் காலில் நிற்கும்போது விழுந்துவிடுவேன் என்ற பயத்தில் விரல் வெளுக்க இறுக்கியிருந்தேன். மிஸ் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். "பைப் உன்னைத் தூக்கி நிறுத்தாதும்மா. தொட்டுக்கிட்டு நில்லு. நிக்கறது உன் இடுப்பும் முதுகும்."

அன்று ராத்திரி அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "அரம் போடறதும் அதேதான். இறுக்கிப் பிடிச்சா கை வலிக்கும், வேலையும் வராது. கை தளர்ந்து இருந்தாத்தான் இரும்பு என்ன சொல்லுதுன்னு தெரியும்."

பரதநாட்டிய வகுப்பில் எனக்குச் சொல்லித் தந்தது அரைமண்டியில் உட்கார்ந்து தரையைத் தட்டி எழுப்ப. தட்டுகிற சத்தம் தட்டுக்கழியோடு சேர வேண்டும். பாலேயில் முட்டியை மடக்குவதற்கு பிளியே என்று பெயர். பார்த்தால் அரைமண்டிக்கு அக்கா மாதிரி இருக்கும். கால் அதே போல் வெளியே திரும்பியிருக்கும், முட்டி அதே போல் பக்கவாட்டில் விரியும். ஆனால் அரைமண்டி இறங்கி அங்கேயே குடியிருப்பது. பிளியே எழும்புவதற்காக இறங்குவது. குதித்துத் தரைக்கு வரும்போது சத்தமே கேட்கக் கூடாது. முதலில் கால்விரல், பிறகு முன்பாதம், கடைசியாகக் குதிகால் என்று பாதத்தைச் சுருட்டி வைத்த பாயை விரிக்கிற மாதிரி இறக்க வேண்டும். "கீழ்வீட்டுக் குழந்தை தூங்குதுன்னு நெனச்சுக் குதி" என்பார் மிஸ். முப்பது பேர் ஒன்றாகக் குதித்து, ஒன்றாகச் சத்தமில்லாமல் இறங்கிய ஒரு காலை எனக்கு நினைவிருக்கிறது. மேலே சுற்றிய மின்விசிறியின் கரகரப்பு மட்டும் கேட்டது.

இரண்டாவது வாரம் ஜாஸ். அமெரிக்காவுக்கு அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உண்டாக்கிய ஆட்டம் என்று மிஸ் சொன்னபோது, அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பையன்கள் அடங்கினார்கள். ஜாஸில் முதல் பாடம், உடம்பை உறுப்பு உறுப்பாகப் பிரித்து ஆட்டுவது. தலை மட்டும். தோள் மட்டும். விலா மட்டும், இடுப்பு அசையாமல். யாருக்கும் விலா நகரவில்லை. எனக்கும்தான். ஆனால் கழுத்து வந்தது. தோள் அசையாமல் கழுத்தை இருபக்கமும் நகர்த்துகிற சுந்தரி பேதம், நடன வகுப்பில் கண்ணாடி முன்னால் நின்று மாதக்கணக்கில் பழகியது. மிஸ் கேஸட்டை நிறுத்தினார். "எல்லாரும் இங்க பாருங்க. இவ பண்ணறதுதான் ஐசொலேஷன். நம்ம ஊர்ல ஆயிரம் வருஷமா இருக்கு." அந்த ஒரு வாக்கியத்தில் நான் இரண்டு அங்குலம் வளர்ந்தேன்.

முகூர்த்த நாள்களில் மண்டபம் கல்யாணத்துக்குப் போய்விடும். நாங்கள் பைப்புகளைக் கழற்றித் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறுவோம். கீழே நாதஸ்வரம், மேலே எங்கள் எண்ணிக்கை, ஒன் டூ த்ரீ ஃபோர். அப்படி ஒரு நாள் கரண்ட் போய் டேப் ரெக்கார்டரும் நின்றுவிட்டது. தண்ணீர்த் தொட்டி நிழலில் எங்களை உட்கார வைத்து மிஸ் ஒரு கதை சொன்னார்.

ருக்மிணி தேவி அருண்டேல் என்ற பெண், ரஷ்ய பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தைப் பார்த்து மயங்கினார். ஆஸ்திரேலியா போகிற கப்பலில் இருவரும் பழகினார்கள். தன் குழுவிலிருந்த கிளியோ நார்டியைப் பாவ்லோவா ஏற்பாடு செய்ய, அவரிடம் ருக்மிணி தேவி பாலே கற்றார். உன் நாட்டுக் கலையைத் தேடிப் பார் என்று சொன்னதும் பாவ்லோவாதான். அதற்குப் பிறகுதான் ருக்மிணி தேவி, பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிர் ஆட்டத்தைப் பார்த்ததும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றதும், 1936-இல் கலாக்ஷேத்ரா தொடங்கியதும். அந்த ஆட்டத்தைத் தலைமுறை தலைமுறையாக உயிரோடு வைத்திருந்த தேவதாசிப் பெண்களைப் பற்றியும், அவர்களிடமிருந்து மேடை கைமாறிய வருத்தத்தைப் பற்றியும் நான் பின்னாளில்தான் படித்தேன். அன்று மாடியில் என் மனதில் விழுந்தது ஒன்றுதான். நான் இரண்டு வெவ்வேறு வகுப்புக்குப் போகவில்லை. இந்த இரண்டு ஆட்டமும் எனக்கு முன்பே ஒரு கப்பலில் சந்தித்திருக்கின்றன.

மூன்றாவது வாரம் சாக்ஸைக் கழற்றச் சொன்னார். மாடர்ன் வெறுங்காலில். மார்த்தா கிரகாம் என்ற அமெரிக்கப் பெண்மணி மூச்சை வைத்தே ஓர் ஆட்டத்தை உண்டாக்கினாராம். மூச்சு வெளியேறும்போது வயிறு முதுகோடு ஒட்டுகிற அளவுக்குச் சுருங்குவது, உள்ளே வரும்போது விரிவது. எங்களுக்குப் பிடிபடவில்லை. "எல்லாரும் ஒரு தடவை இருமுங்க" என்றார். இருமினோம். "அப்போ வயிறு எங்க போச்சு? அங்கேர்ந்துதான் ஆடணும்." பிறகு விழக் கற்றுத் தந்தார். கெண்டைக்கால், தொடை, பிட்டம், தோளின் பின்பக்கம் என்று சதை உள்ள இடமாகப் பார்த்து, எலும்பு படாமல் தரைக்கு உடம்பை ஒப்படைப்பது. விழுந்த வேகத்திலேயே எழுவது. பரதம் என்னைத் தரையில் ஊன்றியது, பாலே தரையிலிருந்து எடுத்தது, இது தரையை நம்பச் சொன்னது. நாற்காலியோடு விழுந்த பூந்தமல்லித் தங்கைதான் இதில் எங்கள் எல்லோரையும் விட அழகாக விழுந்தாள்.

கடைசி நாள் பெற்றோர்களுக்கு ஆடிக் காட்டினோம். மாடர்னுக்கு மிஸ் கொடுத்த வேலை, உங்கள் வீட்டில் தினமும் யாராவது செய்கிற வேலையை எடுத்து ஆடுங்கள். பூந்தமல்லிச் சகோதரிகள் அம்மா மல்லிகை தொடுப்பதை ஆடினார்கள். ஆவடிப் பெண் ஒருத்தி, அப்பா ராணுவச் சீருடைக்கு மிஷின் மிதிப்பதை. நான் லேத்தை எடுத்தேன். இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சக்கில் வேலையை மாட்டுவது, சாவி போட்டு முறுக்குவது, சுவிட்சைப் போடுவது, டூல் பட்டதும் சுருள் சுருளாக வருகிற இரும்புச் சீவலாக நானே சுழன்று தரையில் விழுவது. பின்வரிசையில், ஷிஃப்ட் முடிந்து அதே சட்டையோடு அப்பா நின்றிருந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து, அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். ரயில்வே கேட்டில் நின்றபோது திரும்பினார். "பாப்பா, சக்கு சாவியை எடுக்காமலே மிஷினை ஆன் பண்ணிட்ட. அது பறந்து வந்து ஆளையே அடிக்கும். எப்பவும் மொதல்ல சாவியை எடுக்கணும்." ரயில் போனது. கேட் திறக்கிறவரைக்கும் அவர் பெடலில் காலை வைக்காமல் நின்றிருந்தார். "சீவல் நல்லா இருந்துச்சு" என்றார்.

அடுத்த கோடையில் அந்த வகுப்பு நடக்கவில்லை. மிஸ் எந்த ஊருக்குப் போனார் என்று தெரியாது. நான் பரதத்திலேயே தொடர்ந்தேன். இப்போது திருமுல்லைவாயல் வீட்டு மாடியில் பதினாறு குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறேன். அரைமண்டியில் முட்டி முன்னால் விழுகிற குழந்தையைப் பார்த்தால், பிளியே ஞாபகத்தில் இடுப்பைத் திருப்பிவிடுகிறேன். குதிக்கச் சொல்லும்போது கீழ்வீட்டுக் குழந்தையை எழுப்பாதே என்கிறேன். வாசலில் ஈரச் சாக்கு இல்லை. பாதம் காய்ந்திருந்தால் போதும்.

32 இன்ச் பைப் மட்டும் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. இருபது வருடத்துக்கு மேல் அம்மா அதில் துணி காயப்போட்டாள். போன வருடம் அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனது. படுக்கையறையிலிருந்து பாத்ரூம் வரை சுவரோரமாகப் பிடித்து நடக்க ஒரு கம்பி வேண்டும் என்றார்கள். நான் பைப்பைக் கொண்டுவந்தேன். சுவரோரம் அவரை நிற்க வைத்து, கையைத் தொங்கவிடச் சொல்லி, மணிக்கட்டு வரை நானே அளந்தேன். சிகரெட் அட்டை இல்லை. காலண்டர் தாளில் குறித்தேன். மாட்டுவதற்கு முன் உட்கார்ந்த இடத்திலிருந்தே எமரி ஷீட் கேட்டு வாங்கி, அம்மாவின் கிளிப்புகள் துருவேற்றியிருந்த இடங்களைத் தேய்த்தார். கட்டைவிரலால் ஓட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு தடவை தேய்த்தார்.

மறுநாள் காலை முதல்முறையாக அதைப் பிடித்து எழுந்தார். விரல்கள் வெளுத்திருந்தன. நான் பின்னால் இடுப்பருகே கைகளை வைத்துக்கொண்டு, "இறுக்காதீங்கப்பா. தொட்டுக்கிட்டு நில்லுங்க" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பைப்பையே பார்த்தார். பிறகு சுண்டுவிரலைத் தளர்த்தினார். அடுத்த விரலை. அதற்கடுத்ததை. கை பைப்பின் மேல் சும்மா கிடந்தது. முதுகு மெல்ல நிமிர்ந்தது. குதிகால் கடைசியாகத் தரையைத் தொடும்படி, சத்தமில்லாமல், ஓர் அடி எடுத்து வைத்தார்.