எந்த ஆபீஸ்?

'கோர்ட் படி ஏறாத குடும்பம்' என்பது எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்லப்படும் பேச்சு. தாத்தாவின் நிலத்தில் அம்மாவுக்கு வர வேண்டிய பங்கை மாமாக்கள் எழுதி வாங்கிக்கொண்டபோதும் ஏறவில்லை. அத்தை அடிபட்டுத் திரும்பி வந்தபோதும் ஏறவில்லை. அந்தப் படியில் தினமும் ஏறுவதையே நான் தொழிலாக எடுத்தபோது, அம்மாவுக்குப் பெருமைப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மல்லிகை வாங்கிவந்து, கட்டி, முழம் போட்டு விற்கிறவர் அவர். 2021இல் பார் கவுன்சில் பதிவுக்காகத் தன் தோட்டை அடகு வைத்துப் பணம் தந்தார். சட்டத்தில் உள்ளபடி 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதியினர், பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல், பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏற்கெனவே வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் சொன்னது. அம்மாவின் தோடு அப்போதும் அடகில்தான் இருந்தது.

மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் என்னிடம் முதலில் யாரும் பெயர் கேட்கவில்லை. "எந்த ஆபீஸ்மா?" என்றுதான் கேட்டார்கள். அடுத்த கேள்வி, "அப்பா வக்கீலா?" இல்லை என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடும். என்னோடு சேர்ந்த பையனின் பெரியப்பா வக்கீல். நாற்காலியும் புத்தக அலமாரியும் கட்சிக்காரர்களும் அவனுக்காகக் காத்திருந்தார்கள். நானோ, ரிட்டர்ன் ஆன மனுவை எந்தக் கவுண்டரில் திரும்பக் கொடுப்பது என்பதைக்கூட குமாஸ்தா அண்ணனிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சட்டக் கல்லூரி அதைச் சொல்லித்தரவில்லை.

சம்பளம் என்று ஒன்று இல்லை. சனிக்கிழமை சீனியர், "பஸ்ஸுக்கு வச்சுக்கம்மா" என்று ஐந்நூறு ரூபாய் தருவார். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று தமிழ்நாடு பார் கவுன்சில் 2024இல் சுற்றறிக்கை அனுப்பியது. அன்று எங்கள் வாட்ஸாப் குழுக்கள் முழுக்க அதுதான். அதைத் தன் சீனியரிடம் கொண்டுபோய்க் காட்டியதாக ஒருவர்கூடச் சொல்லவில்லை.

ஆண் ஜூனியர்கள் சாயங்காலம் டீக்கடையில் நிற்பார்கள். வழக்குகள் கைமாறுவது அங்கேதான். ஏழு மணிக்கு நான் சீனியர் ஆபீஸில் இருந்தால் ஒரு பேச்சு; கிளம்பிவிட்டால், "பொம்பளப் பிள்ளைக இந்த லைன்ல நிக்க மாட்டாக" என்று இன்னொரு பேச்சு. குறுக்கு விசாரணைக்குப் பையனைக் கூட்டிப்போவார்கள். என்னைக் குடும்ப நீதிமன்றத்துக்கு அனுப்புவார்கள், வாய்தா வாங்க.

அங்கேதான் அந்த அக்காவைத் தெரியும். அப்பளக் கம்பெனியில் நாள் கூலி 300 ரூபாய். கணவர் லாரி வைத்திருப்பவர், வேறு வீட்டில் இருந்தார். அக்காவும் மகளும் கேட்டது இடைக்கால ஜீவனாம்சம். ஒருநாள் வராண்டாவில் மெதுவாகச் சொன்னார்: "பாப்பா, நீ ஒவ்வொரு தடவ தேதி வாங்குறப்பவும் எனக்கு ஒரு நாள் கூலி போகுதுத்தா."

அன்றிரவு கட்டைப் பிரித்துப் பார்த்தேன். இடைக்கால மனுவை, நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து கூடுமானவரை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று 125ஆம் பிரிவே சொல்லியிருந்தது. எங்கள் மனு பதினோரு மாதமாகக் கிடந்தது. ஏழு வாய்தா. நான்கு எதிர்த்தரப்பு கேட்டது. மூன்று நான் கேட்டது. என்னை வளரவிடவில்லை என்று நான் புலம்பிக்கொண்டிருந்த அதே நாட்களில், இன்னொரு பெண்ணின் கூலியில் மூன்று நாளை நான் எடுத்திருந்தேன்.

அடுத்த வாய்தாவுக்குச் சீனியர் உயர் நீதிமன்றக் கிளையில் இருந்தார். "பாஸ் ஓவர் கேளு, இல்லேன்னா தேதி வாங்கிடு" என்றார். டவாலி பெயரைக் கூப்பிட்டார். எழுந்தேன். வக்காலத்தில் சீனியர் பெயருக்குக் கீழே என் பெயரும் இருந்தது. மனுவை எழுதியதும் நான்தான். "மனுதாரர் தரப்பில் வாதத்துக்குத் தயார், யுவர் ஆனர்" என்று சொல்லிவிட்டேன். சொத்து, வருமானம் பற்றி இரு தரப்பும் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும், மனு போட்ட நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காக வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் சொன்னதைப் படித்து வைத்திருந்தேன். எதிர்த்தரப்பு இன்னும் அந்தப் பத்திரத்தைத் தாக்கல் செய்யவில்லை என்றேன். பத்து நிமிடம் பேசியிருப்பேன். கவுனுக்குள் முழங்கால் ஆடியது வெளியே தெரியவில்லை.

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. அக்காவுக்கும் மகளுக்குமாக மாதம் 6,000 ரூபாய், மனு போட்ட நாளிலிருந்து.

சீனியர் பாராட்டவில்லை. "உன்னை வாய்தா வாங்கத்தானே அனுப்பினேன்? தோத்திருந்தா யாரு பதில் சொல்றது?" என்றார். கேள்வி நியாயமானதுதான். அவரைக் கேட்காமல் செய்தது தப்பு என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த ஏழு வாய்தாவுக்கு யார் பதில் சொல்வது என்று திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடுத்த ஆறு மாதம் எனக்கு வழக்குக் கட்டே தரவில்லை. அதற்குப் பிறகு வெளியே வந்துவிட்டேன். இப்போது இரண்டு தோழிகளோடு வாடகையைப் பகிர்ந்துகொண்டு, ஒரே அறையில் மூன்று மேஜை. அக்கா கட்டை வாங்கிக்கொண்டு என்னிடமே வந்துவிட்டார்.

இது வெற்றிக் கதை இல்லை. கணவர் மூன்று மாதம் கட்டினார், பிறகு நிறுத்திவிட்டார். பாக்கியை வசூலிக்க மனு போட்டிருக்கிறோம். அதற்கும் வாய்தாக்கள் உண்டு. தள்ளித்தான் போகும் என்று தெரிந்தால் முந்தின நாள் இரவே போன் செய்துவிடுகிறேன்: "நாளைக்கு நீங்க வர வேண்டாம்க்கா, வேலைக்குப் போங்க. நான் பாத்துக்கிறேன்."