நிறம் பார்க்குமுன் குளம்பைப் பாருங்கள்

மொன்டானாவின் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கு போன்ற ராக்கி மலைப் பகுதிகளில் பெயின்ட் குதிரை வாங்க வருகிறவரின் கண் முதலில் அதன் தோலில்தான் போய் நிற்கும். பழுப்பிலோ கறுப்பிலோ படர்ந்த அந்த வெள்ளைத் திட்டுகள்தாம் விலையை ஏற்றுகின்றன. 1965-இல் உருவான அமெரிக்கன் பெயின்ட் குதிரைச் சங்கத்தின் முதன்மைப் பதிவேட்டில் ஏற வம்சம் மட்டும் போதாது; பொதுவாக வெள்ளை மயிரும் அதனடியில் இளஞ்சிவப்புத் தோலும் வேண்டும். அந்த இனத்துக்கு நிறமே இலக்கணம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சரளையும் பாறையுமான பாதையில் ஆளைச் சுமந்து ஏறி இறங்க வேண்டிய குதிரை அது. ஆகவே வாங்குபவர் முதலில் கருத்துக் கேட்க வேண்டிய ஆள் லாடம் அடிப்பவர் என்பேன்.

அவர் வேலையைக் கூர்ந்து பார்த்தால் காரணம் விளங்கும். குதிரையின் தோளை ஒட்டி நின்று காலின் பின்புறத்தை விரலால் வருடிக்கொண்டே இறங்குவார். பழகிய குதிரை தானாகவே காலைத் தூக்கிக் கொடுக்கும். அதைத் தொடைகளுக்கிடையே இடுக்கி, வளைந்த கத்தியால் அடிக்குளம்பைச் சுரண்டிவிட்டு, நீண்ட பிடியுள்ள இடுக்கியால் அங்கங்கே அழுத்துவார். நோவு இருக்கும் இடத்தில் கால் வெடுக்கென்று பின்வாங்கும். அடுத்து குளம்புச் சுவரின் வளையங்கள். குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளர்கிறது, மேல்விளிம்பில் முளைத்தது முன்நுனிக்கு வந்துசேர ஓராண்டு அளவில் ஆகும். அந்த ஓராண்டில் குதிரை தின்றதும் பட்டதும் அங்கே பதிந்திருக்கின்றன. வளையங்கள் முன்புறம் நெருங்கியும் குதிகால் பக்கம் விரிந்தும் இருந்தால், குளம்பழற்சி வந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அரத்தால் தேய்த்து மழுப்பியிருந்தால் அந்தத் தேய்ப்பும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

கால்நடை மருத்துவர் இருக்க இவர் எதற்கு என்று கேட்கலாம். மருத்துவரும் கட்டாயம் வேண்டும். காலை மடக்கிப் பிடித்து உடனே ஓடவிட்டு நொண்டலைக் கண்டறிவதும், எக்ஸ்ரேயும், ரத்தப் பரிசோதனையும் அவர் பொறுப்பு. ஆனால் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை காலைத் தூக்கிப் பார்க்கிறவரின் அறிவு வேறு வகை. விற்பவரின் லாடக்காரர் விற்பவருக்குச் சாதகமாகத்தானே பேசுவார் என்ற ஆட்சேபம் நியாயமானது. அதனால்தான் கூலி கொடுத்துத் தனக்கென ஒருவரை அழைத்துப் போக வேண்டும். வெண்குளம்பு மெத்து, கருங்குளம்பு கெட்டி என்ற பழைய நம்பிக்கையை வைத்து மட்டும் வெள்ளைக்கால் குதிரையை ஒதுக்கிவிட வேண்டாம். குளம்பின் உறுதியைத் தீவனமும் ஈரமும் பராமரிப்பும் வம்சமுமே தீர்மானிக்கின்றன.

நிறத்தைப் பற்றிக்கூடக் கண் முழு உண்மை சொல்வதில்லை. ‘ஃப்ரேம் ஓவரோ’ என்ற வெள்ளைத் திட்டு வகைக்குக் காரணமான மரபணு ஒரு பிரதி மட்டும் இருந்தால் குதிரைக்குக் கேடில்லை. தாய் தந்தை இருவரிடமும் அது இருந்தால், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குட்டி ஏறக்குறைய முழு வெள்ளையாகப் பிறக்கும். குடலை இயக்கும் நரம்பணுக்கள் இல்லாததால் சாணம் வெளியேறாமல் வயிற்றுவலியில் துடித்து ஓரிரு நாளில் இறந்துபோகும். மரபணு மாற்றம் 1998-இல் கண்டறியப்பட்டது. வெள்ளையே அதிகம் தெரியாத குதிரையும் இதைச் சுமந்திருக்கலாம் என்பதுதான் கொடுமை. காயடித்த குதிரையைச் சவாரிக்கு மட்டும் வாங்குபவருக்கு இதற்கான மரபணுச் சோதனை அவசியமில்லை. பெண் குதிரை வாங்குபவர் தவிர்க்கவே கூடாது. ஆய்வகம் தொலைவில் இருப்பது சாக்காகாது: பிடரியிலிருந்து வேரோடு இருபது முப்பது மயிர் பிடுங்கி, கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக மரபியல் ஆய்வகம் போன்ற இடத்துக்குத் தபாலில் அனுப்பினால் போதும். முன்பணம் கொடுக்குமுன் அனுப்புங்கள். முடிவு வருவதற்குள் நான்கு கால்களையும் லாடக்காரரிடம் காட்டிவிடுங்கள்.