தண்ணீர் புகட்டிய பாடம்



ஓசூரில் மதரஸா ஒன்றில் இருபது ஆண்டுகளாகச் சிறார்களுக்கு ஓதிக்கொடுத்து வருகிறேன். அஞ்சல் வழியில் வரலாற்றில் இளங்கலைப் பட்டம் பெற்றவன். அறிவியலோடு எனக்கிருந்த உறவு பத்தாம் வகுப்புடன் முறிந்துவிட்டது. எனினும், பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றி எங்கள் பகுதிப் பெற்றோர் முதலில் யோசனை கேட்பது பெரும்பாலும் ஹஜ்ரத்திடம்தான். அந்த நம்பிக்கை எத்தகைய பொறுப்பு என்பதை ஒரு பிழையின் வாயிலாகவே நான் உணர்ந்தேன். அதை உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிட விரும்புகிறேன்.

சுமார் பத்தாண்டுகளுக்கு முன்பு, என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வேதியியலில் பி.எஸ்சி. முடித்துவிட்டு, சுற்றுச்சூழல் அறிவியலில் எம்.எஸ்சி. படிக்க ஆசைப்பட்டார். பழைய இரும்பு வணிகம் செய்யும் அவருடைய தந்தை என்னிடம் வந்து, "ஹஜ்ரத், இந்தப் படிப்புக்கு என்ன வேலை கிடைக்கும்? நீங்கள் சொன்னால் அவன் கேட்பான்" என்றார். அப்படிப்பு இன்னதென்றே எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். நானோ, "மரம் நடுவதற்குப் பட்டம் எதற்கு பாய்? சிப்காட்டில் ஏதேனும் கம்பெனியில் சேர்த்துவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மாணவர் மறுபேச்சுப் பேசவில்லை. தொழிற்சாலை ஒன்றின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்டு வேலைக்குச் சேர்ந்தார்.

சென்ற ஆண்டு அவருடைய தங்கை சிவில் பொறியியலில் பி.இ. முடித்தார். அவரும் சுற்றுச்சூழல் பொறியியலில் எம்.இ. படிக்க வேண்டும் என்றார். தந்தை மீண்டும் என்னிடம் வந்தார். இம்முறை நான் உடனே வாய் திறக்கவில்லை. "ஒரு வாரம் தவணை கொடுங்கள் பாய்" என்று கேட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணின் அண்ணனைத் தேடிப் போனேன்.

அவர் என்னைத் தம் மோட்டார் சைக்கிளில் கெலவரப்பள்ளி அணைக்கு அழைத்துச் சென்றார். மழை பெய்து நீர் திறக்கப்பட்டிருந்த நேரம் அது. மதகுகளுக்குக் கீழே தென்பெண்ணை ஆறே கண்ணுக்குத் தெரியவில்லை. பஞ்சுப் பொதிகளைப் போல வெண்ணுரை குவிந்து, காற்றில் பிய்ந்து, கரையோர வயல்களின் மேல் பறந்தது. தோள்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். நந்திமலைப் பகுதியில் பிறக்கும் இந்த ஆற்றில், பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியாக மாநகரக் கழிவுநீரும் வந்து கலக்கிறது. 2015இலும் 2017இலும் பெல்லந்தூர் ஏரியின் மேலேயே தீப்பற்றி எரிந்ததைச் செய்தித்தாள்களில் நாம் படித்திருக்கிறோம். சோப்பிலும் சலவைத்தூளிலும் உள்ள பொருள்கள் முழுமையாகச் சிதையாமல் வந்து சேர்கின்றன. மதகிலிருந்து விழும் நீர் அவற்றை அடித்து நுரையாக்குகிறது. இதே ஆறுதான் பிறகு கிருஷ்ணகிரி அணைக்கும், அதற்கப்பால் சாத்தனூர் அணைக்கும் போகிறது.

பிறகு அவர் கேட்டார்: "ஹஜ்ரத், தண்ணீரின் சட்டங்களை நடத்தும்போது நிறம், சுவை, வாடை என்று மூன்று தன்மைகளைச் சொல்லிக்கொடுத்தீர்கள். நஜீஸால் அவற்றில் ஒன்று மாறினாலும் அந்த நீர் ஒளூவுக்கு ஆகாது என்றீர்கள். இங்கே மாறியிருப்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் பல ஊர்களைக் கடந்து, நுரை அடங்கி, தெளிந்து ஓடும் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதை யார் சொல்வது? அதைச் சொல்வதற்குத்தான் ஹஜ்ரத் அந்தப் படிப்பு."

நான் வாயடைத்துப் போனேன். கழிவுநீரின் கேட்டை அளக்கும் முறையை அவரே எனக்கு எளிதாகச் சொன்னார். நீரிலுள்ள நுண்ணுயிர்கள் அழுக்கை உண்ணும்போது பிராணவாயுவைச் செலவிடுகின்றன. நீரின் மாதிரியை 27 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மூன்று நாள் வைத்து, எவ்வளவு பிராணவாயு குறைந்தது என்று கணக்கிடுகிறார்கள். குறைவு மிகுந்தால் அழுக்கும் மிகுதி. சுத்திகரிப்பு நிலையத்திலும் அதே நுண்ணுயிர்களையே வளர்த்து வேலை வாங்குகிறார்கள். அவற்றுக்கு இரவும் பகலும் காற்று ஊத வேண்டும். இத்தகைய நிலையத்தின் மின்செலவில் ஏறத்தாழப் பாதி அந்தக் காற்றுக்கே போய்விடுமாம். ஆகவே தண்ணீரைத் தூய்மையாக்கும் கல்வியும், மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் எரிசக்திக் கல்வியும் ஒன்றையொன்று தேடுகின்றன.

"சோதனையை நான் செய்கிறேன். எண்ணைப் பதிவேட்டில் எழுதுகிறேன். எண் ஏன் உயர்ந்தது, தொட்டியை எப்படி மாற்றியமைக்க வேண்டும் என்று முடிவு செய்பவர் வேறு ஒருவர். அதைப் படிக்கத்தான் ஆசைப்பட்டேன்" என்றார். அவர் குரலில் குறை கூறும் தொனி சிறிதும் இல்லை. அதுவே என்னை மிகவும் வாட்டியது. மன்னிப்புக் கேட்டேன். "தங்கை விஷயத்தில் விசாரித்துச் சொல்லுங்கள் ஹஜ்ரத், அது போதும்" என்றார்.

அந்த ஒரு வாரம் நான் விசாரித்தறிந்தவற்றை, உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று இங்கே தருகிறேன்.

பொறியியல் பட்டதாரிகள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் பொறியியலிலும் எரிசக்திப் பொறியியலிலும் எம்.இ. படிக்கலாம். அறிவியல் பட்டதாரிகளுக்குக் கோவை பாரதியார் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் உண்டு. ஐ.ஐ.டி.க்களில் சேர்வதற்கான 'கேட்' தேர்வில், 2021முதல் சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியலுக்கென்றே தனித் தாள் இருக்கிறது. அத்தேர்வின் மதிப்பெண் மூன்றாண்டுகள் செல்லும். அதன்வழி அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் எம்.இ. அல்லது எம்.டெக். சேர்வோருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

தமிழக அரசு 2007இல் முஸ்லிம்களுக்கு அளித்த 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீட்டை நம்மில் பலர் இன்னும் முழுமையாக அறியவில்லை. லெப்பை, தக்கனி முஸ்லிம், ஷேக், சையத் முதலிய ஏழு பிரிவினர் அதில் அடங்குவர். வீட்டில் உருது பேசும் நம் ஓசூர், கிருஷ்ணகிரிக் குடும்பங்கள் சான்றிதழில் பிரிவின் பெயர் சரியாக இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது. சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கென 2009இல் தொடங்கப்பட்ட மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. எனவே ஆய்வுப் படிப்பை நாடுவோர் யு.ஜி.சி. 'நெட்' தேர்வுக்கே ஆயத்தமாக வேண்டும். அதிலும் சுற்றுச்சூழல் அறிவியல் ஒரு பாடம்.

வேலையைப் பற்றியும் மிகைப்படுத்தாமல் சொல்கிறேன். கணினித் துறையைப் போல் தொடக்கத்திலேயே பெருஞ்சம்பளத்தை எதிர்பார்க்கலாகாது. ஆனால் தேவை நம் வாசலிலேயே இருக்கிறது. ஓசூரில் ஏத்தர் நிறுவனமும், போச்சம்பள்ளியில் ஓலா நிறுவனமும் 2021இல் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலைகளைத் தொடங்கின. ஆலைகள் பெருகப் பெருக அவற்றின் கழிவுநீரையும் புகையையும் மின்செலவையும் கணக்குப் பார்ப்பவர்கள் தேவைப்படுகிறார்கள். 1982இல் அமைந்த தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் பொறியாளர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் பணியிடங்கள் உண்டு.

இவற்றையெல்லாம் தந்தையிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தவர், "பெண்பிள்ளையைச் சென்னை விடுதியில் விட வேண்டுமே ஹஜ்ரத்" என்றார். அவருடைய அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. நானும் பெண்ணைப் பெற்றவன்தான். "தாயாரையும் அழைத்துக்கொண்டு போய் விடுதியைப் பாருங்கள். மனம் ஒப்பினால் சேருங்கள்" என்றேன். அவர்கள் போய்ப் பார்த்தார்கள், மனம் ஒப்பியது. கல்லூரிக்கான முதல் தவணைப் பணத்தைக் கட்டியவர் அண்ணன்.

அவருடைய பத்தாண்டுகளை என்னால் திருப்பித் தர இயலாது. ஆகவே இப்போது தண்ணீரின் பாடம் வரும்போதெல்லாம் மூன்று தன்மைகளைச் சொல்லிக்கொடுத்தபின், கண்ணுக்கும் நாவுக்கும் மூக்குக்கும் எட்டாத கேடும் நீரில் உண்டு என்பதையும், அதைக் கண்டறிய ஒரு கல்வி இருக்கிறது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவருகிறேன்.

சகோதர சகோதரிகளே, உங்கள் பிள்ளை நீங்கள் கேள்விப்படாத ஒரு படிப்பின் பெயரைச் சொன்னால் உடனே மறுத்துவிடாதீர்கள். ஒரு வாரம் தவணை கேளுங்கள். தெரிந்தவரைத் தேடிப் போய் விசாரியுங்கள். யோசனை கேட்டு என்னைப் போன்றோரிடம் வந்தால், "உங்களுக்கு இதைப் பற்றித் தெரியுமா ஹஜ்ரத்?" என்று முதலில் கேட்டுவிடுங்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.