ஓரத்தில் நிற்பவன்

கபடி பார்க்கும் கூட்டத்தின் கண்கள் எப்போதும் பாடிப் போகிறவன் மீதே இருக்கும். எதிரணியின் களத்தில் தன்னந்தனியாக நுழைந்து, ஏழு பேரையும் ஏய்த்துவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்புகிறவனுக்குத்தான் விசிலும் கைதட்டலும். வரிசையின் இரு கோடிகளிலும், களத்தின் ஆழத்தில், சற்றே குனிந்தபடி நிற்கும் இருவரை எவரும் பொருட்படுத்துவதில்லை. கார்னர் என்பது அவர்களுக்குப் பெயர். வானகரம் சுற்றுப்புறத்தில் பொங்கலையொட்டி நடக்கும் ஆட்டங்களை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஆயினும் அந்த இருவரைக் கவனிக்க எனக்குக் கற்றுத் தந்தவன் எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவன். இடது கார்னர் அவன்.

கார்னரின் வேலை காத்திருப்பது. பாடி வந்தவன் 30 வினாடிக்குள் திரும்பியாக வேண்டும். போனஸ் கோட்டைத் தாண்ட அவன் காலை நீட்டுகிற கணத்திலோ, திரும்ப எண்ணி உடலைத் திருப்புகிற கணத்திலோ பாய்ந்து கணுக்காலைப் பற்ற வேண்டும். அரைக்கணம் முந்திவிட்டால் அவன் துள்ளித் தப்புவான். தொட்டவன் வெளியேற வேண்டியதுதான். சரியாகப் பற்றினாலும் ஒருவனால் ஆகாது. பக்கத்தில் நிற்கும் கவர் ஆட்டக்காரன் ஓடிவந்து மோதி அழுத்தாவிட்டால், காலோடு சேர்த்து இவனையும் இழுத்துக்கொண்டு அவன் கோட்டைத் தொட்டுவிடுவான். இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பிய அணி, மூன்றாம் முறை புள்ளி எடுத்தே தீரவேண்டும் என்பது தொழில்முறை ஆட்டத்தின் விதி. அப்போது கார்னர் சும்மா நின்றாலே பாதி வெற்றி. "பிடிக்கிறதைவிடப் பிடிக்காம நிக்கிறதுதான் ஃபாதர் கஷ்டம்" என்றான் ஒருநாள். இருபது வயது இரத்தத்துக்கு அது கஷ்டம்தான்.

இறுதியாண்டில் படிக்கும் இவன் தொழில்முறை ஆட்டக்காரனாவானா என்பதே இன்று அவன் வீட்டில் இரவும் பகலும் நடக்கும் வாதம். தந்தை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் இயக்குபவர். அங்கேயே மகனுக்கும் ஓர் இடம் பேசி வைத்திருக்கிறார். தாய் மாலைத் திருப்பலி முடிந்தபின் என்னிடம் வந்து, "வேலைக்குப் போகச் சொல்லட்டுமா, விளையாடச் சொல்லட்டுமா, நீங்களே சொல்லுங்க ஃபாதர்" என்றார். மறையுரைக்குக்கூட நான் இவ்வளவு ஆயத்தம் செய்ததில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டு, அவனையே ஆசானாகக் கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஆசைக்குக் காரணம் இருக்கிறது. புரோ கபடி லீக் 2014இல் தொடங்கியது. 2018 ஏலத்தில் ஒரு கோடி ரூபாயை முதன்முதலில் எட்டியவர் பாடுகிறவர் அல்லர். ஈரானைச் சேர்ந்த ஃபசல் அத்ராசலி என்னும் இடது கார்னர். 2025 ஏலத்தில் குஜராத் அணி 2.23 கோடிக்கு எடுத்த முகமதுரேசா ஷாத்லூவும் ஈரானியரே; இடது கார்னரே. ஏலத்தின் கடைசிப் பிரிவுக்கே அடிப்படை விலை 9 லட்சம் ரூபாய். லேத் முன் நிற்கும் தந்தைக்கு அது எத்தனை ஆண்டுக் கூலி என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் வாசலின் அகலத்தையும் பார்க்க வேண்டுமல்லவா? அணிகள் 12, ஒவ்வொன்றிலும் 18 முதல் 25 பேர். மொத்தத்தில் முந்நூறுக்கு மேல் இடமில்லை. ஓர் அணி இடது கார்னருக்கென்று இரண்டு மூன்று பேரை வைத்திருக்கும் என்றால், நாடு முழுவதற்கும் முப்பத்தைந்து இடங்கள் தேறலாம். அவற்றில் ஈரானியரும் அமர்கிறார்கள். அரியானா இளைஞர்களும் அமர்கிறார்கள். 2017இல் லீக்கில் சேர்ந்த தமிழ் தலைவாஸ் அணியின் முதல் தலைவர்கூட இமாச்சலத்து அஜய் தாக்கூர்தான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஏலத்தில் ஊர்ப்பாசத்துக்கு விலை கிடையாது.

இந்த முப்பத்தைந்தில் ஒருவனாகிவிட வேண்டும், அதுவும் இந்த ஆண்டே ஆகிவிட வேண்டும் என்பதற்காக அவன் இரண்டு தாள்களை நிலுவையில் விட்டிருந்தான். எனக்கு உடன்பாடில்லாதது அந்த அவசரம் ஒன்றுதான். தஞ்சை மாவட்டத்துத் தருமராஜ் சேரலாதனை அவனுக்கு நினைவூட்டினேன். அவரும் பிடி ஆட்டக்காரர். லீக் தொடங்கியபோது அவருக்கு வயது 39. 2016இல் பாட்னா அணியின் தலைவராகக் கோப்பையை ஏந்தியபோது 41. அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார். பாடுகிறவனுக்கு வேகம் குறைந்தால் ஆட்டம் குறையும். பிடிக்கிறவனுக்கோ எதிராளியின் கால் எப்போது நீளும் என்று படிக்கும் கண் வயதோடு கூர்மையாகிறது. இருபதில் கதவு திறக்கவில்லை என்றால் இருபத்தைந்தில் திறக்கலாம். அதுவரை சோறு வேண்டுமே! ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. தமிழக அரசுப் பணிகளில் 3 விழுக்காடு உண்டு. லீக் ஆண்டில் மூன்று மாதம் போல நடக்கும். மற்ற ஒன்பது மாதங்களுக்கு உடலைக் காத்துப் பயிற்சியும் தருவது இத்தகைய வேலைதான். ஆகவே லேத்துமன்று, ஏலம் மட்டுமேயுமன்று. தாள்களை முடித்துவிட்டு ரயில்வே தேர்வுக்குப் போகட்டும் என்றேன். தாய்க்குப் பாதி நிறைவு. தந்தை இன்னும் பேசவில்லை.

அவன் ஒப்புக்கொண்டான். இப்போது காலையில் ஊர் மண்ணிலும், மாலையில் கல்லூரி மேட்டிலும் பயிற்சி. மண்ணில் சறுக்கிப் போய்ப் பிடிக்கிற கணுக்கால் பிடி மேட்டில் அப்படியே வருவதில்லையாம். ஷூ விரிப்பைக் கவ்விக்கொள்ள, முழங்கால் திருகுகிறது. சென்ற ஞாயிறு இடது முழங்காலில் பட்டை கட்டியிருந்ததைப் பார்த்தேன். அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். இல்லையென்று தலையசைத்தான். வியாழன்று எலும்பு மருத்துவரிடம் போகிறோம். நான்தான் அழைத்துப் போகிறேன்.