கெட்டது கம்ப்யூட்டர்... பழி சுமந்தது தம்பி!

"க்கா, திரும்பவும் நீலமாயிடுச்சுக்கா..."

ராத்திரி 11 மணிக்குத் தம்பியிடமிருந்து வந்த வாய்ஸ் மெசேஜ் இது. ஒரே வாரத்தில் ஐந்தாவது முறை. சென்னையில் ஷிஃப்ட் முடித்து ஹாஸ்டலுக்கு வந்து, ஆறிப்போன தோசையைப் பிய்த்துக்கொண்டே நான் அனுப்பிய பதிலை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. "நீ கண்ட கேமையும் டவுன்லோடு பண்ணாம இருந்தாலே எல்லாம் சரியா இருக்கும்டா!"

அதற்கு அவன் பதில் போடவில்லை.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில் இருக்கிறது. திருவண்ணாமலை கிரிவலம் வந்தவர்களுக்கு எங்கள் ஊர் தெரிந்திருக்கும். 14 கிலோமீட்டர் பாதையில் பாதியைத் தாண்டிய களைப்பில், மலைக்குப் பின்பக்கம் வருகிற ஊர். கால் கெஞ்சும், தொண்டை வறளும். அங்கேதான் அப்பா இளநீர் வெட்டுகிறார். மற்றவர்களுக்கு ஒன்றாம் தேதி சம்பளம் என்றால், எங்களுக்குப் பௌர்ணமி.

தம்பி விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் ஆண்டு. வீடியோ எடிட் செய்ய நல்ல கம்ப்யூட்டர் தேவை. கேம் ஆடவும் ஆசை, அதை அவன் மறைக்கவும் இல்லை. "பார்ட் பார்ட்டா வாங்கி மாட்டுறதெல்லாம் நமக்கு வேணாம். ரெடிமேட் கேமிங் கம்ப்யூட்டரா வாங்கிடலாம். ஏதாச்சும்னா ஒரே கடையைக் கேட்டுக்கலாம்" என்று யோசனை சொன்னது நான்தான். அப்பா சீட்டை எடுத்தார். 92,000 ரூபாய். ஆன்லைனில் ஆர்டர் போட்டோம்.

கண்ணாடி கேபினெட், உள்ளே கலர் கலராக விளக்குகள். அம்மா குங்குமம் வைத்துவிட்டு, "கொலு மாதிரி இருக்குடா" என்றார். மூன்றாம் நாள் முதல் நீலத் திரை. 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று ஒரு வரி வரும், கம்ப்யூட்டர் தானாக அணைந்து எழும். பிறகு இரண்டு நாள் சமர்த்தாக ஓடும். திடீரென்று மறுபடியும் நீலம்.

கடைக்கு போன் போட்டால் முதல் பதில், "பையன் ஏதோ கேம் போட்டுக் கெடுத்திருப்பான் சார்." இரண்டாவது பதில், "உங்க ஊர்ல கரண்ட் சரியில்ல சார்." இந்த இரண்டையும் அப்பா நம்பினார். படித்த அக்காவே நம்பும்போது அவர் என்ன செய்வார்?

ஒரு கோடு போட்ட நோட்டு

அடுத்த பௌர்ணமிக்கு ஊருக்குப் போனேன். தம்பி எதுவும் பேசாமல் ஒரு நோட்டை நீட்டினான். நீலத் திரை வந்த ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, திரையில் என்ன எழுதியிருந்தது... எல்லாம் வரிசையாக எழுதியிருந்தான். மொத்தம் 14 முறை. அதில் ஆறு முறை கேம் ஓடவே இல்லை. ஒருமுறை வெறும் அசைன்மென்ட் டைப் செய்துகொண்டிருந்திருக்கிறான்.

டிப்ளமோ படித்து நிருபர் ஆனவள் நான். நிருபர் வேலை பார்த்தவன் அவன். 'கம்ப்யூட்டர் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை' என்று கட்டுரையெல்லாம் எழுதியிருக்கிறேன். ஆனால், அன்றுவரை ஒரு கேபினெட்டைத் திறந்து பார்த்ததில்லை.

சரி, ரேம் என்றால் என்ன? கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது கைக்கெட்டும் தூரத்தில் எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொள்கிற மேஜை அது. இன்று நாம் பயன்படுத்தும் ரேமின் அடிப்படை வடிவத்துக்கு 1968-ல் காப்புரிமை பெற்றவர் ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட். ஒரு பிட் தகவலுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு குட்டி கெப்பாசிட்டர். அந்தக் கெப்பாசிட்டர் ஓட்டைக் குடம் மாதிரி. நிரப்பியது கசிந்துகொண்டே இருக்கும். அதனால் நொடிக்குப் பலமுறை மறுபடி மறுபடி நிரப்ப வேண்டும். 32 ஜிபி ரேமில் இப்படி சுமார் 27,500 கோடி குடங்கள்!

அதில் ஒன்றிரண்டு பழுதானால் என்ன ஆகும்? அந்த இடத்தில் கேமில் வரும் புல்லின் நிறம் இருந்தால் யாருக்கும் தெரியாது. விண்டோஸின் முக்கியமான கட்டளை இருந்தால், நீலத் திரை. கோளாறு வந்து வந்து போவது இதனால்தான். பயன்படுத்துகிறவன் மேல் சந்தேகம் விழுவதும் இதனால்தான்.

பௌர்ணமி ராத்திரி பரிசோதனை

முதலில் விண்டோஸிலேயே இருக்கும் 'மெமரி டயக்னாஸ்டிக்' சோதனையை ஓட்டினோம். 'கோளாறு எதுவும் இல்லை' என்று வந்தது. தம்பியின் முகம் சுருங்கிப்போனது. ஆனால், அது மேலோட்டமான சோதனை. அதில் பாஸ் ஆனால் ரேம் நல்லது என்று அர்த்தமில்லை.

அடுத்து 'மெம்டெஸ்ட்86 ப்ளஸ்' என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, விண்டோஸுக்குள் போகாமல் அதிலிருந்தே கம்ப்யூட்டரை எழுப்பினோம். ரேமில் விதவிதமாக எழுதிப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று இது பார்க்கும். ஒரு சுற்றோடு நிறுத்தாமல், நான்கு சுற்றாவது ஓடவிடுவது நல்லது. பல மணி நேரம் ஆகும்.

அன்று ராத்திரி வாசலில் ஜனம் வெள்ளமாக மலையைச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பாவும் அம்மாவும் கடையில். உள்ளே நாங்கள் இருவரும் திரையைப் பார்த்தபடி. முதல் சுற்றில் எரர் '0'. இரண்டாவது சுற்றில், விடியற்காலை இரண்டரை மணிக்கு, அந்தப் பூஜ்யம் 3 ஆனது. பிறகு 11. தம்பி கத்தினான், "பார்த்தியாக்கா!" கோளாறு வந்ததற்காக ஒருவன் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

இன்னொரு சந்தேகம் பாக்கியிருந்தது. எங்கள் ரேம் பெட்டியில் போட்டிருந்த வேகம் 6,000. பயாஸில் 'எக்ஸ்எம்பி' அல்லது 'எக்ஸ்போ' என்ற அமைப்பை ஆன் செய்தால்தான் அந்த வேகம் கிடைக்கும். சில கம்ப்யூட்டர்கள் அந்த வேகத்தைத் தாங்காமலும் தடுமாறும். அதை ஆஃப் செய்து, சாதாரண வேகமான 4,800-ல் மறுபடி ஓட்டினோம். அப்போதும் எரர். ஆக, வேகம் காரணமில்லை.

மதியம் எழுந்த அப்பா எல்லாவற்றையும் கேட்டார். "உள்ள எத்தனை ரேமு இருக்குது?" என்றார். "ரெண்டுப்பா, 16, 16." "அப்போ ஒண்ணொண்ணா எடுத்துப் பாரேன். குலையில ஒரு காய் கெட்டுப்போச்சுன்னா மொத்தக் குலையையுமா தூக்கிப் போடுவாங்க?"

ஒண்ணொண்ணா பாருங்க!

பெட்டியைத் திறந்தால் வாரன்ட்டி போய்விடும் என்று கடையில் முன்பே பயமுறுத்தியிருந்தார்கள். அதனால் முதலில், 'ரேமைக் கழற்றிப் பார்க்கலாமா?' என்று வாட்ஸ்அப்பில் கேட்டு, 'பார்க்கலாம்' என்று எழுத்தில் பதில் வாங்கினோம். நீங்களும் இதைச் செய்யாமல் கையை வைக்காதீர்கள்.

பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் ரேமைத் தொட வேண்டும். நம் உடம்பில் இருக்கும் நிலைமின்சாரமே அதைக் கெடுத்துவிடும். ஒரே ஒரு ரேம் போடுவதாக இருந்தால் எந்த ஸ்லாட் என்பது மதர்போர்டு கையேட்டில் இருக்கும். 'டக்' என்று பூட்டு விழும்வரை அழுத்த வேண்டும். கூரியரில் குலுங்கி வரும்போது ரேம் லூஸாகியிருந்தாலும் இதே தொல்லை வரும். பலருக்கு, கழற்றி மாட்டியதுமே சரியாகிவிடுவதும் உண்டு.

இன்னொன்று. டிடிஆர்5 ரேமை மாற்றி மாட்டியதும், முதல்முறை சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கலாம். புது ரேமோடு கம்ப்யூட்டர் பழகிக்கொள்ளும் நேரம் அது. நாங்கள் பயந்துபோய் இரண்டு தடவை அணைத்துத் தொலைத்தோம்.

இரண்டு ரேம், இரண்டு ஸ்லாட், நான்கு சோதனை. முதல் ரேம் எந்த ஸ்லாட்டில் போட்டாலும் பாஸ். இரண்டாவது ரேம் எந்த ஸ்லாட்டில் போட்டாலும் ஃபெயில். ஸ்லாட் மேல் தப்பில்லை, மதர்போர்டு மேல் தப்பில்லை. ஒரே ஒரு ரேம்தான் குற்றவாளி. நான்கையும் போட்டோ எடுத்தோம்.

"அந்த ரேமுக்கு மட்டும் வேற கரண்ட்டா?"

கடைக்கு இந்த முறை அப்பாவே பேசினார். அவர்கள் மறுபடியும் கரண்ட் கதையை ஆரம்பிக்க, அப்பா நிதானமாகக் கேட்டார். "ரெண்டு ரேமுக்கும் ஒரே வீட்டுக் கரண்ட்டுதானே சார் போவுது? கெட்டா ரெண்டும் கெட்டிருக்கணுமில்ல?" எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

போட்டோக்கள், தம்பியின் நோட்டுப் பக்கங்கள், பில் எல்லாவற்றையும் சேர்த்து நான் இமெயில் அனுப்பினேன். கடைசியில் ஒரு வரி: 'தீர்வு கிடைக்காவிட்டால் 1915-ல் புகார் செய்வோம்.' அது தேசிய நுகர்வோர் உதவி எண். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கிற மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய்வரை வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடங்களுக்குள் புகார் கொடுக்க வேண்டும். அவ்வளவு தூரம் போக அவசியம் வரவில்லை. 11-ம் நாள் புது ரேம் ஜோடி வந்தது. இரண்டு ரேமையும் ஜோடியாகவே மாற்றித் தரும்படி கேட்டிருந்தோம்.

'ஒரு ரேமுக்கா இத்தனை போராட்டம், புதுசா ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கலாமே' என்று தோன்றலாம். ஏஐ டேட்டா சென்டர்களுக்கே மெமரி சிப்கள் போய்க்கொண்டிருப்பதால், 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எகிறியிருக்கிறது. அதைவிட, குறையோடு வந்த பொருளுக்கு நாம் ஏன் இரண்டாவது தடவை காசு கொடுக்க வேண்டும்?

புது ரேமையும் ஒரு ராத்திரி முழுக்கச் சோதித்தோம். எரர் பூஜ்யம்.

ஒரு நஷ்டம் மட்டும் திரும்பி வரவில்லை. கிரிவலப் பாதை வியாபாரிகளைப் பற்றித் தம்பி மூன்று வாரமாக எடிட் செய்த செமஸ்டர் வீடியோவின் ஃபைல் திறக்கவே இல்லை. கெட்ட ரேம் இருக்கும்போது சேமித்தால், சேமிப்பதும் கெட்டுப்போகலாம். மெமரி கார்டில் ஒரிஜினல் இருந்ததால் முதலிலிருந்து மறுபடி செய்தான். கோளாறு என்று சந்தேகம் வந்த அன்றே முக்கியமான ஃபைல்களை வேறு இடத்தில் காப்பி எடுத்து வைத்துவிடுங்கள்.

ஊருக்குக் கிளம்பும் அன்று பஸ் ஸ்டாண்டில் அவனிடம், "ஸாரிடா, உன்னை நம்பாம திட்டிட்டேன்" என்றேன்.

"பரவாயில்லக்கா" என்று என் பையைத் தூக்கிக் கொடுத்தான். "உன் லேப்டாப் கெடட்டும். 'கண்ட ஆர்ட்டிக்கிளையும் டைப் பண்ணாத'ன்னு நானும் மெசேஜ் போடுறேன்."